வழிக்க வழிக்க முளைத்த தாடி

ஆரையம்பதி விஜிதரனின் முகத்தில் தாடியே இல்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். இருந்தது. நாடியில் ஒரு கொத்து, இடது கன்னத்தில் காதோரம் ஒரு திட்டு, மேலுதட்டில் ஓரளவுக்கு மானம் காக்கிற மீசை. வலது கன்னத்தில் மட்டும் படைத்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போயிருந்தார். கடைசி மடைவரை தண்ணீர் போகாத வட்டையில் நெல் முளைக்கிற மாதிரி அங்கே நாலு, இங்கே நாலு, நடுவில் வெறுந்தரை. வயற்காரர் என்றால் நட்டஈடு கேட்டுக் கமநலக் கந்தோருக்குப் போகலாம். விஜிதரனுக்குப் போக இடமில்லை.

அவன் மட்டக்களப்பு டவுனில் ஒரு ஃபோன் கடையில் வேலை செய்தான். பக்கத்துக் கதிரையில் காத்தான்குடி அஸ்கர். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது, கடை கொடுத்த ஒரே நிறச் சேட்டு. ஆனால் அஸ்கரின் தாடி நெஞ்சுவரை வந்து, இன்னும் கீழே போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கடைக்கு வருகிறவர்கள் விஜிதரனிடம் விலை கேட்டுவிட்டு, "தம்பி, எதுக்கும் முதலாளிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க" என்று அஸ்கரைக் காட்டுவார்கள். அஸ்கரும் தாடியைத் தடவிக் கொஞ்ச நேரம் யோசித்து, விஜிதரன் சொன்ன விலையையே சொல்லுவான். அப்போது அது விலையாகிவிடும்.

கடையில் நடந்ததைப் பொறுக்கலாம். இந்தப் பக்கத்தில் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையைத் தங்கள் ஊருக்குக் கூட்டிப்போவார்கள். ஆகவே மாப்பிள்ளை பார்க்கவும் அவர்களே வருவார்கள். களுவாஞ்சிக்குடியிலிருந்து அப்படி வந்த ஒரு கூட்டத்துக்குக் கேற்றைத் திறந்துவிட்டவன் விஜிதரன்தான்.

"தம்பி, அண்ணன் நிக்காரா?" என்று கேட்டார்கள்.

தனக்கு அண்ணன் இல்லை என்றான்.

"அப்ப ஃபோன் கடையில வேலை செய்யிறது ஆரு?"

அவனுடைய அம்மா அன்னப்பூரணி ஓடிவந்து விளக்கம் சொன்னார். அவர்கள் நல்ல மனிதர்கள். தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் போனார்கள். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

வெங்காயச் சாறு பூசினான்; பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, தாடியும் வரவில்லை. அஸ்கர் கொடுத்த கருஞ்சீரக எண்ணெயைப் பூசினான். ஏற்கெனவே இருந்த கொத்து மட்டும் பளபளத்தது. கடைசியில்தான் ஃபேஸ்புக்கில் லக்ஷன் அகப்பட்டான். கொழும்பில் ஏதோ ஒரு படிப்பு முடித்துவந்து, ஒரு புடவைக் கடைக்கு மேலே குளிரூட்டிய அறை ஒன்றில் ஆண்களை அழகாக்கிக்கொண்டிருந்தான். ஊசியால் தோலில் மையைப் புள்ளி புள்ளியாக ஏற்றுவான். தூரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிர்க்கால்.

"பச்சை குத்துற மாதிரியா தம்பி?" என்று விஜிதரன் கேட்டான்.

"ஐயோ அண்ணன், பச்சை குத்துறது காவாலிகள். இது மைக்ரோ பிக்மென்டேஷன்." லக்ஷன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னான். "குளிக்கலாம், வாவியில நீந்தலாம், கடல்லயும் குதிக்கலாம். ஒண்டுக்கும் அழியா. வழிக்க மட்டும் வேணா. உங்கட சொந்தத் தாடியையும் கொஞ்சமா விட்டுவைங்க, ரெண்டும் கலந்து நிக்கக்குள்ளதான் எடுப்பு. ரெண்டு மூணு வருசத்தில மங்கும். மங்கினா வாங்க, திரும்ப ஏத்துவம்."

அதாவது ஒரு மனிதன் இரண்டு மூன்று வருடம் முகம் வழிக்காமல் இருக்கக்கூடிய ஊர் உலகத்தில் எங்காவது இருக்கும் என்று லக்ஷன் படித்த படிப்பில் சொல்லியிருந்தார்கள். அந்த ஊர் ஆரையம்பதி இல்லை என்பது இருவருக்கும் அன்றைக்கு நினைவு வரவில்லை.

முதல் சில நாட்கள் முகம் அவித்த நண்டு மாதிரி இருந்தது. அம்மாவிடம் குளவி கொட்டியது என்றான். குளவி இப்படி நாடியில் தொடங்கிக் காதுவரை வரிசையாகக் கொட்டுமா என்று அம்மா கேட்கவில்லை. பிள்ளைகளை நம்புகிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். வீக்கம் வற்றியபோது உள்ளே இருந்து ஒரு ஆண்பிள்ளை வெளியே வந்தான். கன்னம் இரண்டிலும் கருகருவென்று நிழல். அன்னப்பூரணி பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார். லக்ஷன் செய்த வேலைக்குப் பிள்ளையாரும் மறுப்புச் சொல்லாமல் தேங்காயை வாங்கிக்கொண்டார்.

அஸ்கருக்கு மட்டும் விஷயம் தெரியும். "எங்கட மார்க்கத்தில இதுக்கு இடமில்ல மச்சான்," என்றான். "ஒனக்கு இரிக்கிதா எண்டு எனக்குத் தெரியா. ஆனா வடிவா இரிக்கி. ரெண்டு முதலாளி உள்ள கட மாதிரி இரிக்கி."

பிடிக்காத ஒரே ஆள் பெரியப்பா வினாயகமூர்த்தி.

அவர் பென்சன் எடுத்த பஸ் கொண்டக்டர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. விஜிதரன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவனுடைய அப்பா இறந்துபோனதால், பக்கத்து வளவில் இருந்தபடி தம்பியின் மகனை வளர்த்தவர் அவர்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த அன்று விஜிதரனுக்குத் தலையை மட்டும் மொட்டை அடித்தார்கள். முகத்தில் வழிக்க அன்றைக்கு ஒன்றுமில்லை. உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றுமில்லை.

பெரியப்பா வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. கோயிலில் நெரிசல் என்றால் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று சத்தம் போடுவார். முறுக்கிய மீசை, மழுமழுவென்ற நாடி. தாடி என்பது சவரக் கத்திக்குக் காசு இல்லாதவனுக்கும் பொலிசுக்குப் பயந்தவனுக்கும் உரியது என்பது அவருடைய கொள்கை.

"களவெடுத்துப்போட்டு ஒளிச்சிருக்கிறவன் மாதிரிக் கிடக்கு. வழிச்சுப்போட்டு வா மனே."

"இப்ப எல்லாரும் இப்பிடித்தான் பெரியப்பா."

"எல்லாரும் வாவிக்குள்ள பாய்ஞ்சா நீயும் பாய்வியா?"

ஆனால் அந்தத் தாடிதான் அவர் கொண்டுவந்த சம்பந்தத்தைப் பிடித்துக் கொடுத்தது. வவுணதீவில் பூபாலபிள்ளை என்று ஒரு போடியார். வயலும் மாடும் உள்ள மனிதர். ஒரே மகள் கம்சாயினி பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். பூபாலபிள்ளை வந்து விஜிதரனைப் பார்த்து, "ஆம்பிளை எண்டா முகத்தில ஒரு பாரம் வேணும். மருமகனிட்டக் கிடக்கு" என்றார். கூட வந்திருந்த கம்சாயினி அவனுடைய வலது கன்னத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். அது மயக்கம் என்று விஜிதரன் எடுத்துக்கொண்டான்.

பிறகு அவர்கள் ஃபோனில் கதைக்கத் தொடங்கினார்கள். அவள் கதைப்பது சோதனைத்தாள் திருத்துகிற மாதிரி இருக்கும். பிழையைப் பிழை என்பாள், சரிக்கு ஒன்றும் சொல்லமாட்டாள். அவனைச் சிரிக்கவும் வைப்பாள். நாள் போகப்போக அவள் ஃபோன் எடுக்காத நாள் அவனுக்குச் சோறு இறங்காத நாளாகிவிட்டது. இந்தக் கலியாணம் நடக்கவேண்டும், இவளோடுதான் நடக்கவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு வேண்டுதல் இல்லை. தாடி விஷயத்தைத் தாலி கட்டிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தான். தாலி கட்டிய பிறகு சொல்லலாம் என்று ஆண்கள் வைத்திருக்கிற விஷயங்களின் நீளம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நாள் குறித்ததும் பெரியப்பா முடிவாகச் சொன்னார்: மணவறையில் வழித்த முகத்தோடு இருக்கவேண்டும். விஜிதரன் மாட்டேன் என்றான். வளர்த்த மனிதருக்கு அவன் முதன்முதல் சொன்ன மாட்டேன் அது. ஒழுங்கை முழுதும் கேட்டது. பெரியப்பா வேலியடியில் நின்று, பஸ்ஸின் கடைசி ஆசனம்வரை கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்:

"நான் செத்தாலாவது வழிப்பியாடா?"

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், கதிரையில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் செய்தி முடிவதற்குள் போய்விட்டார். நெஞ்சு வருத்தம். தன்னுடைய கேள்விக்குப் பதிலைப் பார்க்காமலே போனார் என்று சொல்லலாம். ஊர் அப்படிச் சொல்லவில்லை.

கொள்ளி வைக்க விஜிதரனை விட்டால் ஆளில்லை. செத்தவீட்டு முற்றத்தில், தகரப் பந்தலுக்குக் கீழே, வாங்கில் அவனை இருத்தினார்கள். சலூன் வைத்திருக்கிற குஞ்சித்தம்பி வந்தார். பறை ஓய்ந்திருந்தது. வெளிநாட்டு உறவுகளுக்காக வீடியோக்காரன் எல்லாவற்றையும் நேரலையில் விட்டுக்கொண்டிருந்தான். லண்டனிலும் சுவிசிலும் இருந்து ஆட்கள் கண்ணீர்ப் பொம்மைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பூபாலபிள்ளை வவுணதீவிலிருந்து வான் பிடித்து ஆட்களோடு வந்து முன்வரிசையில் இருந்தார். பெண்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலையோடு கம்சாயினி.

தலை வழிப்பது முடிந்தது. குஞ்சித்தம்பி நாடியைத் தூக்கித் தண்ணீர் தடவிக் கத்தியை வைத்தார். இரண்டு கன்னமும் வழித்துத் துவாயால் துடைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றார். பிறகு பார்த்தார். "முடியல்ல" என்றார்.

திரும்பவும் வழித்தார். துடைத்தார். கன்னம் முழுதும் கருகருவென்று அப்படியே இருந்தது.

"பிளேட்ட மாத்து குஞ்சித்தம்பி," என்றார் ஒருவர்.

"மாத்திப்போட்டுத்தான் வழிக்கிறன்."

"சோப்புப் போடு."

சோப்புப் போட்டு வழித்தார். மேலிருந்து கீழே வழித்தார், கீழிருந்து மேலே வழித்தார். நாடியோரம் இரத்தம் துளிர்த்தது. குஞ்சித்தம்பி கத்தியை மடித்துவிட்டு விரலால் கன்னத்தைத் தடவினார். இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒன்றைக் காணாத மனிதரின் குரலில், கொஞ்சம் பயத்தோடு சொன்னார்:

"கைக்கு ஒண்டுமில்ல. கண்ணுக்குக் கிடக்கு."

ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தார்கள். சவத்துக்கு வாய்க்கரிசி போட நின்ற வரிசை பாதியில் திரும்பி இந்தப் பக்கம் வந்தது. தடவிய எல்லாரும், கைக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். பார்த்த எல்லாரும், கண்ணுக்குக் கிடக்கிறது என்றுதான் சொன்னார்கள். வீடியோக்காரன் கமெராவை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து, "லண்டன்ல இருந்து கேக்கிறாங்க, கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பட்டாம்" என்றான். விஜிதரன் திரும்பினான். இத்தனை கண்ணீருக்கு நடுவில் மறுக்க முடியாது.

எதிர்வீட்டுப் பாக்கியம் அக்காதான் அதற்கு ஒரு பெயர் வைத்தவர். சத்தமாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் கேட்கிற அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"உயிரோட இருக்கக்குள்ள வழி வழி எண்டு மனுசன் எத்தின தரம் கெஞ்சினார். கேக்கல்ல. செத்தாலாவது வழிப்பியா எண்டு கேட்டவர். இப்ப வழிக்கட்டும் பாப்பம்."

யாரோ ஒருவர் தலை குனிந்தார். வழிக்க வழிக்க முளைக்கிறது என்று இன்னொருவர் சொல்ல, அது வாய்க்கு வாய் போய்ப் படலையைத் தாண்டுவதற்குள், வழிக்கும்போதே கத்திக்குப் பின்னால் முளைத்தது என்றாகிவிட்டது.

விஜிதரன் வாயைத் திறந்தான். ஒரு வசனம் போதும். அது மை, லக்ஷன் குத்தினது. நிமிர்ந்தபோது முன்வரிசையில் பூபாலபிள்ளை. அந்தப் பக்கம் கம்சாயினி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு. விஜிதரன் வாயை மூடிக்கொண்டான். தாடி முளைக்காதவன் என்பதைவிடச் செத்தவரின் கோபத்துக்கு ஆளானவன் என்பது ஒரு ஆண்பிள்ளைக்குக் கொஞ்சம் கௌரவம்தானே என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஊரோ லண்டனோ பார்த்துக்கொண்டிருக்கும்போது மனிதனுக்குத் தோன்றுபவை அநேகமாக இந்தத் தரத்தில்தான் இருக்கும்.

கடைசியில் கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கர் எழுந்தார். "வெயில் ஏறுது. மூத்தவர்ர கோவத்த மறுகாத் தீர்ப்பம். கொள்ளிக்குடத்தக் குடுங்க," என்றார். விஜிதரன் மொட்டைத் தலையும் கறுத்த கன்னமுமாகக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அழுதான். உண்மையாகவே அழுதான். அதையும் ஆட்கள் வேறு மாதிரித்தான் விளங்கிக்கொண்டார்கள்.

பிறகு வந்த நாட்களில் கோபம் தணியத் தேசிக்காய் வெட்டினார்கள். கன்னத்தில் திருநீறு அப்பினார்கள். திருநீற்றைத் துடைத்தால் கீழே அதே கறுப்பு. ஃபோன் கடைக்கு ஆட்கள் வந்தார்கள்; ஃபோன் வாங்க இல்லை, முகம் பார்க்க. வந்ததற்காக ஒரு ஸ்கிறீன் கார்ட்டாவது ஒட்டிக்கொண்டு போனார்கள் என்பதால் கடை முதலாளிக்குப் பெரியப்பாவின் கோபத்தில் ஆட்சேபணை இருக்கவில்லை.

"உண்மையச் சொல்லன் மச்சான்," என்றான் அஸ்கர்.

"சொன்னாக் கலியாணம் நிண்டுடும்."

"சொல்லாட்டி?"

விஜிதரன் யோசித்தான். "அதுவும் நிண்டுடும் போலதான் கிடக்கு."

"அப்ப சொல்லிட்டு நிக்கட்டுமே. பாவம் அந்த மவுத்தான மனிசன் என்ன செஞ்சார்?"

முப்பத்தோராம் நாள் அமுதுக்குப் பூபாலபிள்ளை வந்தார். சாப்பிட்டார். கை கழுவினார். வெற்றிலையை மடித்தபடி, "பிள்ளைர சாதகத்த இன்னொருக்கா ஒரு நல்ல ஆளிட்டக் காட்டுவமெண்டு யோசிக்கிறம்" என்றார். அவ்வளவுதான். குறித்த சம்பந்தத்துக்குச் சாதகத்தை இன்னொருமுறை பார்ப்பது என்றால் என்னவென்று விளங்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இல்லை. அன்னப்பூரணி குசினிக்குள் போய் நின்றார். விஜிதரன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது வாவியில் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வந்த கம்சாயினியை வழியில், ஒரு மருத மரத்தடியில் மறித்தான். வரும்போது பாடமாக்கிய வசனம் பத்து இருந்தது. நின்றதும் ஒன்றுதான் வந்தது.

"அது முடி இல்ல."

"என்னது?"

"தாடி. பாதி முடி, மிச்சம் மை. டவுனில ஒருத்தன் ஊசியால குத்தினவன். அதான் வழிச்சாலும் போகுதில்ல."

கம்சாயினி கைலேஞ்சியை எடுத்துத் தண்ணீர்ப் போத்தலில் நனைத்து, நடுவீதியில், அவனுடைய வலது கன்னத்தைப் பிடித்து உரஞ்சினாள். கைலேஞ்சியைப் பார்த்தாள். திரும்பவும் உரஞ்சினாள். பிறகு ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். மாடு ஓட்டிப்போன ஒரு மனிதர் நின்று பார்த்துவிட்டுப் போகுமளவுக்குச் சிரித்தாள்.

"நான் தோல் வருத்தம் எண்டு நினைச்சன்," என்றாள். "உங்களப் பாக்க வந்த அண்டே யோசிச்சன், வலப்பக்கம் என்ன இப்பிடி ஒரே அளவா நிக்குதெண்டு. கொழும்புக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேணும் எண்டு ஒரு டொக்டரையும் விசாரிச்சு வச்சிருக்கன்."

விஜிதரனும் சிரித்தான். அது பிழை.

"ஏன் சிரிக்கிறீங்க?" என்றாள். அவளுடைய சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. "உங்கள வளத்த மனுசன். ஒரு மாசமா அவரப் பேயாக்கிப்போட்டு நீங்க சும்மா நிண்டிருக்கிறீங்க. அந்தச் செத்தவீட்டில ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏன் சொல்லல்ல?"

"நீங்க பாத்துக்கொண்டு நிண்டீங்க."

அவன் அன்றைக்குச் சொன்ன ஒரே சரியான விடை அதுவாக இருக்கலாம். வழக்கம்போல சரிக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டாள்.

"நான் மாமாட்ட வந்து உண்மையச் சொல்லட்டா?" என்று கேட்டான்.

"அப்பாட்டயா? செத்தவர் கோவிச்சா அப்பா பொறுப்பார், அதுக்குப் பரிகாரம் செய்வார். உயிரோட இருக்கிறவன் ஏமாத்தினா ஏழு பரம்பரைக்கும் பொறுக்கமாட்டார்." வீதியைப் பார்த்தபடி யோசித்தாள். "இது எப்ப மங்கும்?"

"ரெண்டு மூணு வருசமெண்டான். கொஞ்சம் கொஞ்சமா."

"கொஞ்சம் கொஞ்சமா," என்று அவளும் சொன்னாள். ஸ்கூட்டியை உதைத்தாள். "வீட்ட போங்க. ஒண்டும் செய்யாதீங்க. செய்தது காணும்."

அடுத்த நாள் விடிய, பிளேன்டி குடித்துக்கொண்டிருந்த பூபாலபிள்ளையிடம், விஞ்ஞான ஆசிரியை கம்சாயினி தான் கண்ட கனவைச் சொன்னாள்.

பஸ் ஒன்று படலையடியில் வந்து நின்றதாம். மிதிபலகையில் வினாயகமூர்த்தி பெரியப்பா நின்றாராம். கலியாணத்தை நிறுத்தச் சொல்லித் தான் ஆரிடமும் சொல்லவில்லையே என்றாராம். தாடியைத் தான்தான் விட்டுவைத்திருப்பதாகவும், பொடியன் சொல்வழி கேட்டு நடந்தால் வருசத்துக்கு வருசம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவதாகவும் சொன்னாராம்.

பூபாலபிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார். அவர் எதையும் விசாரிக்காமல் நம்புகிற ஆள் இல்லை.

"என்ன உடுப்பு?"

"காக்கி."

"மீசை?"

"முறுக்கிவிட்டுக் கிடந்துது."

"போகக்குள்ள என்ன சொன்னார்?"

கம்சாயினி இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் திணறிவிட்டு, "உள்ளுக்குப் போங்க எண்டார்" என்றாள்.

"அப்ப அவர்தான்," என்றார் பூபாலபிள்ளை. விஞ்ஞானம் படித்த பிள்ளை பொய் சொல்லாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. படிப்பித்த காசு வீண்போகவில்லை என்று அன்றைக்கு முழுக்கச் சந்தோசமாக இருந்தார். சாதகத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடிந்ததும் கலியாணம் நடந்தது. மணவறையில் மாப்பிள்ளை பெரியப்பா கேட்டபடியே மழுமழுவென்று வழித்துக்கொண்டு வந்திருந்தான், கைக்கு. கண்ணுக்கு இருந்ததைப் பற்றிக் கேட்டவர்களுக்கு வவுணதீவு ஆட்களே கனவைச் சொல்லி விளக்கினார்கள். பஸ்ஸின் இலக்கத்தைக்கூடச் சிலர் சொன்னார்கள். கம்சாயினி இலக்கம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இப்போது விஜிதரன் வவுணதீவில், மனைவியின் வீட்டில் இருக்கிறான். தாடி வேண்டும் என்று ஊசிக்குக் கன்னத்தைக் கொடுத்தவன் நாள்தோறும் விடிய எழும்பி முகம் வழிக்கிறான். சொல்வழி கேட்டு நடப்பது என்றால் அதுதான். இருந்த கொத்தும் திட்டும் போய்விட்டன. மை மட்டும் இருக்கிறது, அதுவும் நீலம் பாய்ந்து, தோணியின் அடிப்பக்கத்துப் பெயின்ற் மாதிரி. மங்குவதிலும் ஒரு ஒழுங்கு இல்லை. நாடியில் போய்விட்டது, இடது கன்னத்தில் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம். முன்பு முடி திட்டுத்திட்டாக நின்றது, இப்போது மை திட்டுத்திட்டாக நிற்கிறது. படைத்தவரையும் லக்ஷனையும் ஒரே ஆள்தான் பழக்கியிருக்க வேண்டும்.

லக்ஷனிடமிருந்து ஃபோன் வந்தது. "அண்ணன், மங்கியிருக்குமே. புது மிசின் வந்திருக்கு. வாங்க, பழைய ஆக்களுக்கு ஒரு சலுகையும் கிடக்கு."

விஜிதரன் கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். கடையில் புதிதாக வருகிறவர்கள் மறுபடியும் அஸ்கரைத்தான் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கம்சாயினி பின்னால் வந்து நின்றாள்.

"போங்க," என்றாள். "போய் ஏத்திட்டு வாங்க. பெரியப்பா திரும்பவும் கோவிச்சிட்டார் எண்டு அப்பாட்ட நீங்களே சொல்லுங்க. எனக்கு இனிக் கனவு வரா."

அவன் போகவில்லை. கனவு அவளுக்கு வராது என்பதை மட்டும் அவன் முழுதாக நம்பவில்லை. கோபம் வந்தால் எந்தக் காலையிலும் அவளுக்கு ஒரு கனவு வரலாம். அதில் பெரியப்பா லக்ஷனின் பெயரையே சொல்லக்கூடும். அந்தப் பயத்தில்தான் இரவில் பாத்திரம் கழுவுகிறான், பிள்ளைக்குப் பால் கரைக்கிறான். நல்ல புருசன் என்று ஊரில் பேர்.

இந்த வருடத் திவசத்துக்கும் விடியவே வழித்து, தோய்ந்து, ஈர வேட்டியோடு வந்து நின்றான். படத்துக்கு முன்னால் கும்பிடும்போது, மன்னிச்சுக்கொள்ளுங்க பெரியப்பா என்று வாய்க்குள் சொன்னான். இதை மட்டும் அவன் ஒரு வருடமும் விட்டதில்லை. படத்தில் பெரியப்பா மீசையோடு, யாரையோ உள்ளே போகச் சொல்கிற முகத்தோடு இருந்தார்.

படையலுக்கு முன்பு பூபாலபிள்ளை வந்தார். வருடா வருடம் செய்வதுபோல மருமகனின் நாடியைப் பெருவிரலால் தூக்கி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளைந்த வட்டையைப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார். கம்சாயினி இலையைத் துடைத்தபடி கண்ணை நிமிர்த்தவில்லை.

"வாக்குத் தவறாத மனுசன்," என்றார் பூபாலபிள்ளை. "போன வருசத்தவிட எவ்வளவோ விட்டுத் தந்திருக்கார். இந்த வலப்பக்கத்திலதான் மருமகன், இன்னும் கொஞ்சம் கோவம் கிடக்கு."